பனி வீடு கற்பித்த பாடம்

பனி என்னும் சொல்லை நாம் பிள்ளைப் பருவம் முதல் அறிவோம். மார்கழி விடியலில் கோலமிடும் பெண்கள் முக்காடிட்டுக் கொள்வதும், எருக்கிலையின்மேல் முத்து முத்தாக நீர் நிற்பதும், முதியோர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருமுவதுமே கோவில்பட்டிச் சீமையில் பிறந்த நமக்குப் பனி. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தனர். அந்தப் பனி, சூரியன் ஒரு பனையுயரம் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். வாசற்கதவைத் திறக்கவொட்டாமல் மூடிக்கொண்டு நாட்கணக்கில் நிற்கும் பனியை நாம் முப்பது வயதைக் கடந்த பின்னரே கண்டோம். அதற்கு அஞ்சி நாம் செய்த ஒரு காரியத்தால் நம் குடும்பம் முழுவதும் ஓர் இரவில் அழிய இருந்தது. பின்னர் அந்தப் பனியே நமக்கு ஆசானும் ஆயிற்று. வெளிமாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் பலருக்குப் பயன்படக்கூடும் என்று கருதி, இதுவரை உறவினரிடத்தும் மறைத்து வந்த அச்செய்தியை இங்கே எழுதத் துணிந்தோம்.

நாம் பெரிய படிப்பாளி அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியராகப் புகுந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். நாலைந்து குளிர்காலங்களுக்கு முன்பு நமக்குப் பனிஹாலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. “ஊர்ப் பெயரிலேயே பனி இருக்கிறதே, கம்பளி வாங்கிக்கொண்டு போம்” என்று அலுவலக நண்பர்கள் பரிகசித்தனர்.

பனிஹால் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பீர்பஞ்சால் மலைத்தொடரின் தென்புறத்தே உள்ள ஊர். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மலையைக் குடைந்து 11 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் வழியே காசிகுண்டுக்கும், அங்கிருந்து காஷ்மீரப் பள்ளத்தாக்கிற்கும் ரயில்கள் செல்லலாயின. கட்ராவிலிருந்து ஸ்ரீநகர் வரை நேரே ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஜூன் மாதத்தில்தான். நாம் சென்ற காலத்தில் பனிஹாலுக்குத் தெற்கே தண்டவாளம் முடிவு பெறவில்லை. மலைச்சாலை பனியாலும் மண்சரிவாலும் அடைபட்டால் ஜம்முவுக்குப் போக வழியில்லை.

அவ்விடத்து மக்கள் டிசம்பர் 21-ஆம் தேதி முதல் நாற்பது நாட்களைச் ‘சில்லை கலான்’ என்பர். கடுங்குளிரின் பெரும் பருவம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நாம் மனைவியையும், எட்டு வயது மகனையும், மூன்று வயது மகளையும் அழைத்துக்கொண்டு குடியேறியது நவம்பர் மாதம். ஒரு மாடியறையும் சிறு சமையலறையும் வாடகைக்குக் கிடைத்தன. வீட்டுக்கார அம்மையார், “புகாரி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னார். புகாரி என்பது தகரத்தாலான கணப்பு அடுப்பு. அதன் புகை ஒரு நீண்ட குழாயின் வழியே சுவரைத் தாண்டி வெளியே போகும். நாம் கணக்குப் பார்த்துப் பழகிய குமாஸ்தா அல்லவா? விறகுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அந்தக் குழாய் வழியே வீதிக்குப் போகிறதே என்று எண்ணினோம். மின்சார ஹீட்டர் ஒன்றும், கடைத்தெருவில் விற்கும் இரும்புக் கரியடுப்பு ஒன்றும் போதும் என்று முடிவு செய்தோம்.

ஜனவரி மாதத்தில் இரண்டு நாள் விடாமல் பனி பெய்தது. மின்சாரம் நின்றது. ஹீட்டர் மூலையில் கிடந்தது. மாலையில், சன்னல் இடுக்குகளில் எல்லாம் பழைய செய்தித்தாளைக் கோதுமை மாவுப் பசை தடவி ஒட்டினோம். கதவின் கீழிடுக்கில் கம்பளி ஒன்றைச் சுருட்டி அடைத்தோம். காற்று ஊசிமுனையளவும் புகாத வண்ணம் செய்துவிட்டோம் என்று நம் கைத்திறனை எண்ணிப் பெருமிதமும் கொண்டோம். சமையல் முடிந்ததும், புகை அடங்கிக் கனிந்திருந்த கரியடுப்பை அறையின் நடுவே கொண்டுவந்து வைத்தோம். புகை இல்லாத நெருப்பினால் தீங்கு இல்லை என்பது நம் எண்ணம். அறை இதமாயிற்று. “நம் ஊர்போல் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே மகன் உறங்கிப் போனான்.

இரவு இரண்டு மணி இருக்கும். மகள் தண்ணீர் கேட்டு முனகினாள். மனைவி எழுந்தாள், எழுந்தவள் நிற்க முடியாமல் பித்தளைக் குடத்தின்மேல் விழுந்தாள். குடம் உருண்டு பேரொலி எழுப்பிற்று. நமக்கும் விழிப்பு வந்தது. ஆனால் தலை பிளப்பதுபோல் வலித்தது. கைகால்கள் பிறருடையவைபோல் கிடந்தன. மனைவி விழுந்ததைக் கண்டும், எழுந்து தூக்க வேண்டும் என்னும் எண்ணமே நமக்குத் தோன்றவில்லை. இதனை எழுதும்போதும் நம் உடல் நடுங்குகின்றது.

கீழ்ப்பகுதியில் குடியிருந்தவர் நம் நிலையத்துப் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர். இமாசலத்துக்காரர்; படையில் ஹவல்தாராக இருந்து ஓய்வு பெற்று, முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீட்டில் ரயில்வேக்கு வந்தவர். வேலை முடிந்து அப்பொழுதுதான் வீடு திரும்பியிருந்த அவர், குடம் விழுந்த ஓசை கேட்டு மேலே வந்து கதவைத் தட்டினார். அந்த ஒலி கனவில் கேட்பதுபோல் நமக்குக் கேட்டது. காலையில் வரட்டுமே என்றுகூட நினைத்தோம். அவர் விடவில்லை. எவ்வாறு தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினோம் என்பது இன்றுவரை நினைவில் இல்லை. உள்ளே நுழைந்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சன்னலைக் காலால் உதைத்துத் திறந்தார். இரண்டு குழந்தைகளையும் இரு தோள்களில் போட்டுக்கொண்டு பனி கொட்டும் வெளித்திண்ணைக்கு ஓடினார்.

மருத்துவமனையில் நால்வருக்கும் நண்பகல் வரை ஆக்சிஜன் கொடுத்தனர். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது என்றும், அதற்கு நிறமோ மணமோ இல்லை என்றும் டாக்டர் விளக்கினார். நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளை அது உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளுமாம். “தூக்கம் வருகிறது என்றே நினைத்துக் கொண்டிருப்பீர்கள், பிறகு விழிக்க மாட்டீர்கள்” என்றார். மகள் கண் திறந்து, “தண்ணீர்” என்று மீண்டும் கேட்டபொழுது மாலை நான்கு மணி.

அன்றிரவே ஊரிலிருந்து அம்மா கைப்பேசியில் அழைத்தார். “பிள்ளை முகம் ஏனப்பா வெளுத்திருக்கிறது?” என்று கேட்டார். “குளிர், அம்மா, வேறொன்றுமில்லை” என்றோம். மனைவி நம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பின் அவள் கதவை மூடவே விடவில்லை. நடுக்கும் குளிரிலும் சன்னல் திறந்திருந்தது. நால்வரும் இருந்த ரஜாய் அனைத்தையும் போர்த்திக்கொண்டு விடியும் வரை விறைத்துக் கிடந்தோம். இரவில் மூன்று முறை எழுந்து குழந்தைகளின் மூக்கருகே கைவைத்துப் பார்ப்பாள். ஐந்தாம் நாள், “சாலை திறந்ததும் எங்களை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். நீங்கள் உத்தியோகம் பாருங்கள். எனக்கு இந்த ஊர் வேண்டாம்” என்றாள். மறுமொழி சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஹவல்தார் இதனை அறிந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மண்வாரிகளோடு வந்து நின்றார். “பாபுஜி, பையனை அழைத்துக்கொண்டு கொல்லைக்கு வாருங்கள். பனிக்குள் உறங்கியவன் நான். பனியில் வீடு கட்டுவதைக் கற்றுத் தருகிறேன். வீட்டில் எங்கே தவறு செய்தீர்கள் என்பதும் அப்போது விளங்கும்” என்றார்.

முதலில் அவர் சொன்னது இடத்தைப் பற்றி. மலைச்சரிவின் அடியிலோ, பனி சுமந்த மரத்தின் கீழோ, கூரை விளிம்பின் கீழோ கட்டலாகாது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதையுண்டதை அவர் நினைவூட்டினார். அவர்களுள் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் ஆறு நாளுக்குப் பின் உயிரோடு எடுக்கப்பட்டார்; அவரும் பிப்ரவரி 11-ஆம் தேதி தில்லியில் காலமானார். “பனி காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். அதன் குணம் தெரிந்துதான் அதனிடம் போக வேண்டும்” என்றார் ஹவல்தார்.

கொல்லையின் நடுவே, பத்தடி அகலமுள்ள வட்டத்தைக் காலால் மிதித்து இறுக்கினோம். அதன்மேல் சுற்றிலும் இருந்த பனியை வாரி வாரிக் குவித்தோம். குவியல் ஆளுயரத்திற்கு எழ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடையில் நமக்கு வியர்த்தது. உடனே அவர் மேற்சட்டையைக் கழற்றச் சொன்னார். குளிர்நாட்டில் வியர்வையே பகையாம். ஈர உடை உடம்பின் வெப்பத்தை வேகமாகப் பறித்துவிடும். ஆகையால் மெதுவாக வேலை செய்ய வேண்டும். ஓய்ந்ததும் உலர்ந்த உடைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

குவித்த பின் இரண்டு மணி நேரம் அதனைத் தொடாமல் விட்டோம். மகனுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் தாதாஜி, இப்போதே குடையலாமே?” என்றான். குவிக்கும்போது பனித்துகள்கள் உடைந்து ஒன்றோடொன்று நெருங்குகின்றன. சும்மா விட்டால் அவை தொடும் இடங்களில் ஒட்டிக்கொண்டு முழுக்குவியலும் ஒரே கட்டியாக இறுகும். அவசரப்பட்டுக் குடைந்தால் குடைபவன் தலையிலேயே விழும். “உங்கள் ஊரில் சுவர் வைத்தால் காயவிடுவதில்லையா?” என்று ஹவல்தார் கேட்டார். நம் தாத்தா மண்சுவரை ஒவ்வோர் அடுக்காகக் காயவிட்டு எழுப்பியது நம் நினைவுக்கு வந்தது.

பின்னர் வில்லோ மரக் குச்சிகளை ஓர் அடி நீளமாக நறுக்கிக் குவியலைச் சுற்றிலும் முழுவதுமாகச் செருகினோம். உள்ளிருந்து குடைந்து வருகையில் குச்சியின் நுனி தென்பட்டால் அங்கே நிறுத்த வேண்டும். அவ்வாறு செய்தால் சுவர் எங்கும் ஓர் அடிக் கனம் இருக்கும். காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்தில், ஒருவர் தவழ்ந்து புகுமளவிற்குத் தாழ்வான வாயில் வைத்து, உள்ளே மேல்நோக்கிக் குடைந்தோம். ஒருவர் உள்ளே குடையும்போது மற்றொருவர் மண்வாரியோடு வெளியே நின்றே தீர வேண்டும் என்பது அவர் விதித்த சட்டம். இடிந்தால் தோண்டி எடுக்க ஆள் வேண்டும் அல்லவா?

படுக்கும் மேடையை வாயிலின் மேல்விளிம்பைக் காட்டிலும் உயரமாக விட்டோம். குளிர்ந்த காற்று கனமானது. அது தாழ்ந்து வாயில் வழியே வடிந்துவிடும். மூச்சும் உடலும் சூடாக்கிய காற்று மேலே தங்கும். வடகனடாவின் இன்யூட் மக்கள் பனிக்கட்டிகளை அறுத்துச் சுருளாக அடுக்கிக் கட்டும் வீட்டிலும் இந்த அமைப்பே உண்டு. உட்கூரையைக் கையுறையால் தடவி வழுவழுப்பாக்கினோம். மேடுபள்ளம் இருந்தால் உருகும் நீர் அங்கங்கே சொட்டும். வழுவழுப்பாக இருந்தால் சுவரோடு வழிந்து போகும். தரையில் வைக்கோலும் அதன்மேல் தார்ப்பாயும் விரித்தோம்.

வேலை முடிந்தது என்று நாம் நிமிர்ந்தோம். ஹவல்தார் சிரித்தார். “பாபுஜி, மூச்சு எங்கே போகும்?” என்று கேட்டார்.

நமக்குப் பேச்சு எழவில்லை. அவர் ஒரு கோலை எடுத்து, கூரையின் மேற்பக்கத்தில் சாய்வாகச் செருகி, ஒரு கைம்முட்டி நுழையும் அளவிற்குத் துவாரம் செய்தார். கோலை எடுத்தெறியாமல் அதிலேயே விட்டு வைத்தார். “பனி பெய்து இது அடைபடும். உள்ளே இருப்பவன் அடிக்கடி இந்தக் கோலை ஆட்டிவிட வேண்டும். சுவர் மெலிந்தால் குளிரும், அவ்வளவுதான். இந்தத் துவாரம் அடைபட்டால் விடியாது. குளிரைத் தாங்கிக்கொண்டு உயிர் வாழலாம் பாபுஜி, மூச்சு இல்லாமல் வாழ முடியாது” என்றார். உள்ளே கரியடுப்போ ஸ்டவ்வோ வைக்கலாகாது என்றும், மண்வாரியை எப்போதும் உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறினார். புதிய பனி மூடினாலும் இடம் தெரியும்படி வெளியே ஒரு கழியில் பழைய சிவப்புக் கொடியொன்றைக் கட்டி நட்டார்.

அந்தி வேளையில் நாமும் மகனும் ஹவல்தாரும் உள்ளே அமர்ந்தோம். கடைத்தெருவில் வாங்கிய சுவர் வெப்பமானி ஒன்றை முதலில் வெளியே வைத்துப் பார்த்தோம். சுழியத்திற்குக் கீழே 7 பாகை காட்டிற்று. அரை மணி நேரம் உள்ளே வைத்த பிறகு, ஏறக்குறைய சுழியத்தில் நின்றது. நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை. புதுப்பனியின் பெரும்பகுதி காற்றே. அசையாமல் சிறைப்பட்ட அக்காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. சும்மா அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ நூறு வாட் பல்பு அளவிற்கு வெப்பம் தருகிறது. மூவர் இருந்தால் மூன்று பல்புகள். அறை சிறிதாக இருக்குமளவு அந்த வெப்பம் போதும். வெளியே காற்று ஓலமிட்டது. உள்ளே நம் மூச்சின் ஒலி மட்டும் கேட்டது.

மனைவி வாயிலருகே வந்து நின்றாள். உள்ளே வர மறுத்தாள். மகன், “அம்மா, இங்கே ஓட்டை இருக்கிறது, வந்து பார்” என்றான். நெடுநேரம் தயங்கிவிட்டு, மகளை இடுப்பில் அணைத்தபடி தவழ்ந்து வந்தாள். அந்தத் துவாரத்தின் அடியில் கையை நீட்டினாள். வெளிக்காற்று மெல்லிதாக அவள் விரல்களில் பட்டது. கையை எடுக்காமலே நம்மைப் பார்த்து, “வீட்டில் அடைத்த ஓட்டையை இங்கே வைத்திருக்கிறீர்கள்” என்றாள். அவள் கண்கள் கலங்கின. நம் கண்களும் அப்படியே. ஹவல்தாருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் புகாரி வாங்கினோம். குழாய் வழியே வெப்பம் போகட்டும், அதுவே உயிருக்குக் கொடுக்கும் வாடகை என்று எண்ணிக்கொண்டோம். சன்னலின் மேல்மூலையில் ஒட்டிய தாளை மனைவியே கிழித்து இரண்டு விரற்கடை இடைவெளி விட்டாள். சாலை திறந்தபோது ஊருக்குப் போகும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

பின்னர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் துருவப் பயண நூல்களைத் தேடிப் படித்தோம். 1912 மார்ச் மாத இறுதியில் ஸ்காட்டும் அவருடன் இருந்த இருவரும் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் கூடாரத்திலேயே மாண்டனர். அதே மார்ச்சில், அவருடைய பயணக் குழுவின் மற்றொரு பிரிவைச் சேர்ந்த அறுவர், கப்பல் வர முடியாமற்போகவே ஒரு பனிமேட்டைக் குடைந்து குகை அமைத்துக்கொண்டனர். சீல் இறைச்சியைத் தின்று, அதன் கொழுப்பை எரித்து, செப்டம்பர் இறுதி வரை அதனுள் காலங்கழித்து அறுவரும் பிழைத்தனர்.

நம் உள்ளத்தை உலுக்கியது வேறொரு வரலாறு. 1934-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்ட் பேர்ட் என்பவர், அந்தக் கண்டத்தில் பனியில் புதைத்த சிறு மரவீட்டில், வானிலையைக் குறிப்பதற்காகத் தன்னந்தனியே தங்கினார். அவருடைய தோழர்கள் நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவில் இருந்தனர். அடுப்பிலிருந்து கசிந்த அதே வாயு அவரைச் சிறுகச் சிறுகக் கொன்று கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் தோழர்கள் துருவ இரவில் புறப்பட்டு வந்து ஆபத்துக்குள்ளாவார்கள் என்று அஞ்சி, தம் நோயை ரேடியோவில் மறைத்தார். அவர் அனுப்பிய செய்திகளின் தடுமாற்றத்திலிருந்தே அவர்கள் ஐயுற்றனர். ஆகஸ்டில் மூவர் வந்து சேர்ந்து அவரைக் காத்தனர். அவர் மறைத்ததற்கு ஓர் உயர்ந்த காரணம் இருந்தது. நாம் அம்மாவிடம் மறைத்ததற்கு வெட்கமன்றி வேறு காரணம் இல்லை.

சென்ற தீபாவளிக்கு ஊர் சென்றபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழுந்து நம்மை அடுப்படிக்கு அழைத்துப் போய் மேலே சுட்டிக்காட்டினார். கூரை ஓட்டின் நடுவே நம் தாத்தா வைத்த புகைக்கூண்டு இருந்தது. “மழைக்காலத்தில் அதிலே சாரல் அடிக்கும். ஒரு நாளாவது அதை அடைக்க உன் தாத்தா விட்டதுண்டா?” என்று கேட்டார். ஆயிரம் காதம் போய்ப் பனியில் நாம் கற்ற பாடம் நம் வீட்டு அடுப்படியின் கூரையிலேயே இருந்தது. அதை அண்ணாந்து பாராமல் வளர்ந்துவிட்டோம்.

அன்பர்களே, நம்மவர் பலர் டில்லியிலும், பஞ்சாபிலும், ஜம்முவிலும், மலைநாடுகளிலும் பிழைப்பின் பொருட்டு வாழ்கின்றோம். குளிர் நமக்குப் பிறப்பிலே பழக்கமில்லை. ஆகவே அதற்கு அளவுக்கு மீறி அஞ்சுகின்றோம், அஞ்சி அடைக்கின்றோம். கரியடுப்பையோ அங்கீட்டியையோ உறங்கும் அறையில் வைக்காதீர்கள். புகை தெரியவில்லை என்பதால் தீங்கு இல்லை என்று எண்ணாதீர்கள். எரிவாயு கீசர் உள்ள குளியலறையிலும் காற்றுவழியை அடைக்காதீர்கள். கணப்பின் அருகே ஒரே சமயத்தில் வீட்டில் பலருக்குத் தலைவலியோ குமட்டலோ உண்டானால், அதனைக் குளிர் என்று எண்ணிப் படுத்துவிடாமல் உடனே வெளியே வாருங்கள். பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன; இயன்றவர்கள் வாங்கி வையுங்கள். புதிதாகத் தெற்கிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் மனைவி இப்போது அவ்வாறே செய்து வருகிறாள். சென்ற குளிர்காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் இளந்தம்பதியர் நம் தெருவிற்குக் குடிவந்தனர். கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. நம் மனைவி ஒரு தூக்குவாளியில் ரசத்தோடு அவர்கள் வீட்டிற்குச் சென்றாள். “வா அக்கா, உட்கார்” என்றாள் அந்தப் பெண். இவள் உட்காரவில்லை. நேரே சன்னலருகே போய், ஒட்டியிருந்த தாளின் மேல்மூலையைக் கிழித்துவிட்டு, அதன்பிறகுதான் குழந்தையைக் கையில் வாங்கினாளாம்.